ஓடையைத் தாண்டும் பந்து

சின்னப் பந்து இனிச் செல்லாதாம். கோல்ஃப் ஆட்டத்துக்குச் சட்டம் எழுதுகிறவர்கள் முடிவு செய்துவிட்டார்கள்; இனி உலகம் முழுக்கப் பெரிய பந்துதான். நான் வேலை பார்த்த கடையை இப்போது நடத்தும் பையன்கள் இருவர் இந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்கிறேன், இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. பழைய ஸ்டாக்கை என்ன செய்வது என்பது ஒரு கேள்வி. "ஸ்விங்குக்கு ஏத்த பந்து எதுன்னு நீங்கல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இப்போ பெட்டியிலேயே எழுதி வருது" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன்: நாய்க்கு எறிந்து விளையாடுங்கள். இரண்டாவதற்குப் பதில் நீளம் என்பதால் எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் ராணுவ ஸ்டோரில் டயரும் டியூபும் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்றார்கள். வந்தேன். சுதந்திரம் கிடைத்த வருடம் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலையும் கிடைத்தது. இரண்டில் எது எனக்குப் பெரிதாகப் பட்டது என்று கேட்காதீர்கள், கல்யாணமாகி இரண்டு வருடமாகியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குக் கால்பந்தும் பாட்மின்டன் மட்டையும் மொத்தமாக அனுப்பும் கடை அது. இரண்டு பக்கமும் மிளகாய் வற்றல் மண்டி. வாடிக்கையாளர்கள் உள்ளே வந்ததும் தும்முவார்கள். கடையின் பின்பகுதியில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் கோல்ஃப் பந்துகள். கவடியார் பக்கத்து மைதானத்தில் ஆடுகிறவர்களுக்காக முதலாளி வைத்திருந்தது.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். நாஞ்சில் நாட்டுக்காரர். கோல்ஃப் ஸ்டிக்கை வாழ்நாளில் ஒரு முறைகூட வீசியதில்லை. துரைமார் காலத்தில் அந்த மைதானத்துக்குப் பந்து கொடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு துரையிடமும் ஏச்சு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டார். அந்த ஏச்சையெல்லாம் சேர்த்து வைத்து எங்களுக்குத் தாராளமாகக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். கோல்ஃப் பந்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே ரப்பர் நூலை இழுத்து இழுத்து உருண்டையாகச் சுற்றியிருக்கும். அதற்கு மேல் மெல்லிய தோல் மாதிரி ஓர் உறை. அடிக்கும்போது பந்து ஒரு கணம் நசுங்கி, பிறகு விரிந்து பறக்கிறது. நூலை இறுக்கிச் சுற்றிய பந்து வேகமாக வீசுகிறவருக்குத்தான் நசுங்கும். மெதுவாக வீசுகிறவர் அதை அடித்தால் கை வலிக்குமே தவிர பந்து போகாது. அவருக்கு நூல் தளர்ந்த பந்துதான் சரி. எங்கள் அலமாரியில் இறுகின பந்துக்குக் கறுப்பு எண், தளர்ந்ததுக்குச் சிவப்பு எண்.

இதில் என்ன சிக்கல் என்றால், எல்லாருக்கும் கறுப்புதான் வேண்டும். சிவப்பு வாங்கினால் ஆண்மைக்கே இழுக்கு என்று நினைத்த காலம். ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜ் வருவார். ஸ்டிக்கைத் தூக்கவே மூச்சு வாங்கும், ஆனால் கறுப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். அண்ணாச்சி வாதாடவே மாட்டார். "சாருக்குக் கறுப்புதான். அதில என்ன சந்தேகம்? ஆனா மழைக்காலத்துக்கு மட்டும் இந்தச் சிவப்பை வச்சுக்கிடுங்க, ஈரத்துக்கு இதுதான் நல்லது" என்பார். திருவனந்தபுரத்தில் வருடத்தில் பாதி மழை. மீதிப் பாதியில் மழை வரும் போலிருக்கும். ஜட்ஜ் ஆயுசுக்கும் மழைப் பந்திலேயே ஆடிச் சந்தோஷமாக இருந்தார்.

அண்ணாச்சி யாரிடமும் என்ன பந்து வேண்டும் என்று கேட்டதில்லை. "பழைய பந்து இருந்தா காட்டுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். பந்தின் மேல் இருக்கும் தழும்புகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பெயின்ட் உரிந்த இடம் அகலமாக இருந்தால் பந்து நன்றாக நசுங்கியிருக்கிறது. புள்ளி மாதிரி இருந்தால் நசுங்கவில்லை. நடுவில் வாய் பிளந்த மாதிரி வெட்டு விழுந்திருந்தால் அவர் ஸ்டிக்கின் விளிம்பால் அடிக்கிறார்.

அடுத்தது கடைக்குப் பின்னால் முற்றத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே தேங்காய் நார் அடைத்த பெரிய சாக்கு ஒன்று தொங்கும். வந்தவர் அதில் நாலைந்து பந்து அடிக்க வேண்டும். அவர் அடிக்கும்போது அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ கோபித்துக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

"மூஞ்சியப் பாத்தா மரியாத வந்துருது வே. மரியாத வந்தா நாம காட்டுத பந்து தப்பிப்போவும். எனக்குச் சத்தம் போரும்" என்றார்.

பந்து நசுங்கும்போது கொழுத்த சத்தம் ஒன்று வரும். நசுங்காவிட்டால் கல்லில் கல் பட்ட மாதிரி இருக்கும். எனக்கு அந்த வித்தியாசம் காதில் ஏற இரண்டு மழைக்காலம் பிடித்தது.

கடைசியாகத் தண்ணீர்ச் சோதனை. நூல் ஒரு பக்கம் கனமாகச் சுற்றப்பட்ட பந்து எவ்வளவு நேராக அடித்தாலும் கோணிக்கொண்டு போகும். அதைக் கண்டுபிடிக்க உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுழற்ற வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் மேலே வந்து நின்றால் அந்தப் பந்து ஆகாது. கல்லுப்புத் தண்ணீரில் சின்னப் பந்து மூழ்கிவிடும். பேதி உப்பு கரைத்தால்தான் மிதக்கும். மாதாமாதம் மருந்துக் கடையில் நான் பொட்டலம் பொட்டலமாகப் பேதி உப்பு வாங்குவேன். மருந்துக் கடைக்காரர் மலையாளி, மிகவும் இரக்கமுள்ள மனிதர். ஒரு நாள் என் தோளைத் தொட்டு, "சேட்டா, இனியெங்கிலும் ஒரு டாக்டரெக் காணணும்" என்றார். விளக்கம் சொன்னால் நம்பமாட்டார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்படித்தான் நாங்கள் பந்து தேர்ந்தெடுத்தோம். பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஒரே ஒருவர் விஷயத்தில் மட்டும் எல்லாம் தலைகீழானது.

மாநிலம் பிரிவதற்கு முந்தைய வருடம். வைத்தியநாதன் என்று ஓர் எஞ்சினீயர். ஸ்ரீவராகத்தில் வீடு. ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுகிற வேலை அவருடையது. அதற்கும் முந்தைய வருடம் வாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. எத்தனையோ மாதம் படுக்கையில் கிடந்து, தேறி, ஆபீசுக்கும் போக ஆரம்பித்திருந்தார். கை தூக்க வந்தது, பிடிக்க வந்தது. பழைய வேகம்தான் வரவில்லை. நம் அலமாரியில் சிவப்பைத் தேடி வந்த முதல் ஆம்பிளை அவர்தான்.

"எனக்குக் கௌரவமெல்லாம் வேண்டாம், பிள்ளைவாள். மூணாவது குழிக்கு முன்னால ஒரு ஓடை இருக்கே, அதைப் பந்து தாண்டணும். அவ்வளவுதான்" என்றார் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்து நின்று கேட்டார். சிவப்பிலேயே நன்றாகத் தளர்ந்த ஒரு ரகத்தை எடுத்துக் கொடுத்தார். நான் வாரத்தில் இரண்டு நாள் பந்துப் பெட்டியோடு மைதானத்துக்குப் போய் அங்கே வராந்தாவில் உட்கார்ந்து விற்பேன். அதனால் அவர் ஆடுவதைப் பார்த்தேன். அந்த வாரம் பந்து ஓடையைத் தாண்டியது. தாண்டி, அக்கரைப் புல்லில் விழுந்து உருண்டது. எஞ்சினீயர் தன் இடது கையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு நடந்து போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே பந்துகள் ஓடையில் விழ ஆரம்பித்தன. கடைக்கு வந்தார். ரகம் மாற்றிக் கொடுத்தோம். முதல் வாரம் தாண்டியது. அப்புறம் மறுபடி தண்ணீர். மூன்றாவது ரகம். அதே கதை. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் மைதானத்தில் நல்ல மழை. ஆட்டம் நின்றுவிட்டது. வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் மேல் எப்போதும் ஒரு தைல வாசனை இருக்கும், மழை ஈரத்தில் அது இன்னும் தூக்கலாக அடித்தது.

"பந்து மேல குத்தமில்லை, சுப்பையா. புதுப் பந்துன்னா ஒரு உத்சாகம். அந்த உத்சாகத்துல முதல் வாரம் கை எழும்பறது. அப்புறம் உள்ளது வெளியே வந்துடறது. மனசிலாச்சா?" என்றார்.

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"நான் சாரத்துல ஏறி நின்னு வேலை பார்க்கிறவன். எனக்குத் தெரியாமலே என் கை ஒரு நாள் விட்டுதுன்னா, நான் மட்டும் விழமாட்டேன். கூட நிக்கற கூலிக்காரனையும் இழுத்துண்டு விழுவேன். டாக்டர் கையை அமுக்கிப் பார்த்துட்டு நன்னாயிருக்குன்னு சொல்றார். எனக்கு அந்த ஓடைதான் டாக்டர். ஓணத்துக்குள்ள நிலையாத் தாண்டல்லேன்னா வேலையை விட்டுடறதா முடிவு பண்ணிட்டேன். ரெண்டு பெண்ணும் கல்யாணத்துக்கு நிக்கறது. இருந்தாலும் என்ன பண்ணறது?"

ஓணத்துக்கு அதிக நாள் இல்லை. ஒருவர் பிழைப்பு ஒரு பந்தின் மேல் நிற்கிறது, அந்தப் பந்தை எடுத்துக் கொடுப்பது நாங்கள்.

கடைக்கு வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் திறந்திருந்த அலமாரியைச் சாத்தினார். பிறகு, "இனி அவருக்குப் பந்து விக்காத வே. அவரு கை போச்சு. நாம புதுசு புதுசா எடுத்துக் குடுத்து ஆசை காட்டுதது பாவம்" என்றார்.

எனக்கு அது ஒப்பவில்லை. "கை போச்சுன்னா நம்ம சாக்குல அடிக்கும்போதும் சத்தம் மாறணுமே அண்ணாச்சி. எனக்கு மாறின மாதிரி தெரியல்ல. இன்னொரு தடவை வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்க" என்றேன். முதலாளியை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை முறைத்தார், ஆனால் ஆளனுப்பச் சொன்னார்.

எஞ்சினீயர் வந்தார். அண்ணாச்சி சுவர்ப் பக்கம் திரும்பினார். முதலில் அலமாரியிலிருந்து புதுப் பந்து. கொழுத்த சத்தம்தான், முதல் நாள் கேட்டது போலவே. அடுத்து எஞ்சினீயர் பையிலிருந்து அவர் ஆடிக்கொண்டிருந்த பந்து. பொத்தென்று ஒரு சத்தம், ஈரத் துணி விழுந்த மாதிரி. அண்ணாச்சி சட்டென்று திரும்பிவிட்டார். அவர் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை.

"இந்தப் பந்து இங்க இருக்கட்டும் சார். நாளைக்குச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

பேனாக்கத்தியை எடுத்து உறையைக் கீறினார். உள்ளே ரப்பர் நூல் விறைத்துத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை. ஊறிப்போய்ப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. அண்ணாச்சி மூக்கருகே கொண்டு போனார். மறுபடி முகர்ந்தார். பிறகு தன் வேட்டியை மெல்ல ஒதுக்கித் தன் முழங்காலைக் குனிந்து முகர்ந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நாசமாப் போச்சு! இது என் முட்டுல தேய்க்க தைலம்லா வே!" என்றார்.

எண்ணெய் பட்டால் ரப்பர் செத்தது என்பது ராணுவ ஸ்டோரில் எனக்கு முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் எஞ்சினீயர் மேலேயே எந்நேரமும் அந்த வாசனை வீசும்போது, பந்தில் தனியாக யாருக்குத் தெரியும்? கையில் தேய்த்த தைலம் ஆடும்போது கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்றால் இவ்வளவு ஊறாது. வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார் அண்ணாச்சி. பந்துகளைச் சோதிக்க வாங்கி வரும்படி முதலாளி அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு மறுநாள் காலையில் ஸ்ரீவராகம் போனேன்.

எஞ்சினீயர் ஆபீசுக்குப் போயிருந்தார். அவர் மனைவிதான் இருந்தார். மெலிந்த உருவம், கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"வாங்கோ வாங்கோ, பந்துக் கடையில இருந்தா? இரிங்கோ, காப்பி தரேன்" என்று உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் பந்துகள். ஒவ்வொன்றும் கோயில் விக்கிரகம் மாதிரி பளபளத்தது.

"இத்தனை சுத்தமா யாரும் பந்து வச்சு நான் பார்த்ததில்லை அம்மா" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தினம் விடியக்காலம் அவர் கைக்குத் தைலம் தேய்ச்சு விடறேன், கேட்டேளா. முடிஞ்சதும் என் கையில பாக்கி இருக்கறதை அலம்பிக் கொட்ட மனசு வரல்லை. வைத்தியர் எத்தனை மூலிகை போட்டுக் காய்ச்சினதாக்கும் அது. கையை எழுப்பற மருந்து, பந்தையும் எழுப்பாதான்னு ஒவ்வொண்ணுக்கா தடவி, கொஞ்ச நேரம் ஊற வச்சு, பழைய வேஷ்டியால துடைச்சுடுவேன். பெருமாள் பேரைச் சொல்லிண்டேதான் தடவறது. அவர்ட்ட சொன்னதில்லை. சொன்னா சிரிப்பர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பந்து இப்போ நன்னாப் போறதா? அவர் ஒண்ணும் சொல்லமாட்டேங்கறார்" என்று கேட்டார்.

நான் காப்பியைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது தெரியாமல் குடித்தேன். "போகுது அம்மா, கொஞ்சம் கொஞ்சமாச் சரியாகும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த அம்மாளிடம் வேறென்ன சொல்வது? புருஷன் வேலையை விடப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அவரை அந்த நிலைக்குத் தள்ளிக்கொண்டிருப்பது தன் கைதான் என்பதும் தெரியாது.

அண்ணாச்சி கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தம்மாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம். அவருட்ட சொல்லு. அவரு என்னமும் செய்யட்டும். வீட்டுக்குள்ள உள்ள காரியம்" என்றார். பிறகு அவராகவே அலமாரியைத் திறந்து, சிவப்பில் அரை டஜன் எடுத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, துடைத்து என் பெட்டியில் வைத்தார். அன்று அவர் யாரையும் ஏசவில்லை.

மைதானத்தில் எஞ்சினீயரை மூன்றாவது குழிப் பக்கம் தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். வெட்டிய பந்தையும் காட்டினேன். மனைவி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், பெருமாள் பேரைச் சொன்னது உட்பட. கோபப்படுவார் என்று பயந்திருந்தேன்.

அவர் பந்தை வாங்கி அந்தப் பிசுபிசுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்போ என் கை?" என்றார்.

"கை முதல் நாள் எப்படி இருந்துதோ அப்படியேதான் சார் இருக்கு. அண்ணாச்சியே கேட்டுட்டார். பந்துதான் கெட்டுப்போச்சு."

புதுப் பந்தை வைத்து அடித்தார். தாண்டியது. இன்னொன்று. அதுவும் தாண்டியது. பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் அடித்தார், எல்லாம் அக்கரையில் வெள்ளையாகக் கிடந்தன. பிறகு அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, வேறு பக்கம் பார்த்தேன்.

"அம்மாட்ட எப்படிச் சொல்லப் போறீங்க சார்?" என்று கேட்டேன்.

"சொல்றதாவது! ராத்திரியும் பகலும் தேய்ச்சுத் தேய்ச்சு இந்தக் கையை எழுப்பினதே அவதானே. உன்னாலதான் பந்து கெட்டுதுன்னு சொன்னா இடிஞ்சு போயிடுவா. அப்புறம் கையைத் தொடவே பயப்படுவா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிமே என் பந்தெல்லாம் உங்க பெட்டியிலேயே இருக்கட்டும். பந்தை மைதானத்துலதான் வைக்கணும்னு புதுச் சட்டம்னு சொல்லிடறேன். ஒண்ணு மட்டும் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்றார்.

"அது எதுக்கு சார்?"

"அவளுக்குத் தடவ வேண்டாமா?"

அவர் வேலையை விடவில்லை. ஓணம் வந்தது, போனது. பாலமும் முடிந்தது. நான் மைதானத்துக்குப் போகும் நாளெல்லாம் அவர் பந்துகளை எடுத்துக் கொடுப்பேன். வீட்டிலிருந்து வரும் அந்த ஒரு பந்தை அவர் ஒரு தடவைகூடத் தரையில் வைத்து அடித்ததில்லை. கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். ஓடைக்கு முன்னால் நின்று அடிப்பதற்கு முன் கையை விட்டு அதைத் தொட்டுக்கொள்வார். கோல்ஃப் ஆட வருகிறவர்கள் வெள்ளை உடுப்பைத் தும்பைப்பூ மாதிரி சலவை செய்துகொண்டு வருவார்கள். எஞ்சினீயருடைய கால்சட்டையில் மட்டும், வலது பைக்கு மேல், எந்தச் சலவைக்கும் போகாத ஒரு வட்ட எண்ணெய்க் கறை கடைசிவரை இருந்தது.